வரிசை வேண்டாம்: வன்னியில் வறுமை நிவாரணச் சங்கத்துக்குப் புதிதாக வருபவருக்கு

எங்கள் கிராமத்து நிவாரணச் சங்கத்தின் யாப்பில் ஏழாவது விதி மிகச் சிறியது. உதவி பெறுகிற எவரையும் வரிசையில் நிற்கவைக்கக் கூடாது. உணவுப் பொதி அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டும். புதிதாகச் சேர்கிறவர்கள் முதல் மாதத்திலேயே இதைப் பற்றிக் கேட்பார்கள். இருபது குடும்பங்களையும் பொதுநோக்கு மண்டபத்துக்கு வரச்சொன்னால் ஒரு மணித்தியாலத்தில் வேலை முடிந்துவிடுமே, எதற்காக இரண்டு பின்னேரம் சைக்கிள் மிதிக்க வேண்டும் என்பார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லவும், இந்த வேலை நம் ஊர்களில் எப்படி நடக்கிறது என்று ஒழுங்காகச் சொல்லவும் இதை எழுதுகிறேன். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வரும் பிள்ளைகள், இடமாற்றத்தில் வந்த ஆசிரியர்கள், வெளிநாட்டிலிருந்து திரும்பி ஊரோடு இருக்க வந்தவர்கள் எல்லோரும் என் மனதில் இருக்கிறார்கள்.

சங்கம் வந்த வழி

சங்கம் என்ற பெயர் வருவதற்கு முன்பே வன்னியில் இந்த வேலை நடந்துகொண்டிருந்தது. உலைக்கு அரிசி அளக்கும்போது ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போடுவது நம் வீடுகளின் பழைய வழக்கம். அந்தப் பிடியரிசி கோயிலுக்குப் போகும், பள்ளிக்கூடத்துக்குப் போகும், அடுப்பு எரியாத அயல்வீட்டுக்கும் போகும். கமக்காரர் ஒருவர் விதைப்புக் காலத்தில் காய்ச்சலில் படுத்தால் அயலவர்கள் அவருடைய வயலையும் விதைத்துவிட்டே கரையேறுவார்கள்.

குடியேற்றத் திட்டங்கள் வந்தபோது நிலைமை மாறியது. இரணைமடுக் குளத்தின் வேலை 1902இல் தொடங்கியது. அந்தக் குளத்தையும் அதன் பின் திருத்தப்பட்ட குளங்களையும் நம்பிக் காடு வெட்ட வந்தவர்கள் வெவ்வேறு ஊர்க்காரர். தமிழருக்கு எதிரான 1958, 1977 வன்செயல்களில் எல்லாவற்றையும் இழந்த மலையகக் குடும்பங்களும் பிறகு வந்து சேர்ந்தன. பக்கத்து வளவில் இருப்பவர் உறவினரும் அல்ல, ஒரே ஊரவரும் அல்ல. ஒரு சாவு விழுந்தால் பந்தல் போடவும் பாடை கட்டவும் ஆள் வேண்டுமே. அதனால்தான் இப்படியான ஊர்கள் பலவற்றில் மரண உதவிச் சங்கம் முதலில் முளைத்தது. மாதம் ஒரு சிறு சந்தா. சாவு வீட்டுக்குக் கதிரை, தகரப் பந்தல், பெரிய பாத்திரங்கள், கையில் கொஞ்சம் காசு. இன்றைக்கும் நம் ஊர்களில் மிக ஒழுங்காகக் கணக்கு வைத்திருக்கும் அமைப்பு பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். கணக்கு எழுதப் பழக வேண்டுமானால் அதன் பொருளாளரிடம் போங்கள்.

இன்னொரு பெயரையும் புதியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1970களின் பிற்பகுதியில் வவுனியாவைத் தளமாகக் கொண்டு கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் மருத்துவர் இராஜசுந்தரமும் நடத்திய காந்தியம் என்ற அமைப்பு அது. மலையகத்திலிருந்து அகதியாக வந்த குடும்பங்களை எல்லையோரக் காணிகளில் குடியமர்த்தினார்கள், பாலர் பாடசாலைகள் நடத்தினார்கள். 1983 ஏப்ரலில் இருவரும் கைது செய்யப்பட்டார்கள். அந்த ஆண்டு யூலையில் வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். ஏழைக்குக் காணி திருத்திக் கொடுத்த ஒரு மருத்துவருக்கு நேர்ந்த கதி அது. இந்த வேலையைச் சிறிய வேலை என்று எவரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

பிறகு போர். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடை, 1995 ஒக்டோபரில் வலிகாமத்திலிருந்து புறப்பட்டு அடுத்த ஆண்டு வன்னிக்குள் வந்த இடப்பெயர்வு, அதன் பின் கிளிநொச்சியிலிருந்து, மாங்குளத்திலிருந்து என்று நீண்டுகொண்டே போன ஓட்டம். நிவாரண அட்டையையும் உரப்பையையும் எடுத்துக்கொண்டு கூட்டுறவுச் சங்கக்கடை வாசலில் நிற்பது பிள்ளைகளின் வேலையாக இருந்தது. 2008 செப்ரெம்பரில் ஐக்கிய நாடுகள் அமைப்பும் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களும் வன்னியை விட்டு வெளியேற நேர்ந்தது. 2009இன் முதல் மாதங்களில் அரிசியும் உப்பும் தண்ணீரும் மட்டும் போட்டுக் காய்ச்சிய கஞ்சிக்கு மக்கள் பாத்திரத்துடன் நின்றார்கள். அதே ஆண்டில் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் தண்ணீருக்கு ஒரு வரிசை, சோற்றுக்கு ஒரு வரிசை, மலசலகூடத்துக்கு ஒரு வரிசை என்று நின்றார்கள். அந்த முகாம் 2012 செப்ரெம்பரில்தான் முற்றாக மூடப்பட்டது.

மீள்குடியேறியபோது கூரைக்குத் தகரமும் ஆறு மாதத்துக்கு உலர் உணவும் கிடைத்தன. ஆறு மாதம் முடிந்தது. வயல் பற்றையாகக் கிடந்தது, மாடு இல்லை, உழைத்துக் கொடுத்த கை பல வீடுகளில் இல்லை. அப்போதுதான் நாங்கள் பதினொரு பேர் ஒரு மாமரத்தின் கீழ் கூடி இந்தச் சங்கத்தைத் தொடங்கினோம்.

முதல் விநியோகத்தை மண்டபத்தில்தான் வைத்தோம். கதிரைகளைப் போட்டு, வருகிறவர்கள் உட்கார்ந்திருக்க ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிட்டுக் கொடுப்பது எங்கள் எண்ணம். வந்தவர்கள் கதிரையில் உட்காரவில்லை. எவரும் சொல்லாமலே விறாந்தையிலிருந்து படலை வரை ஒருவர் பின் ஒருவராக நின்றுவிட்டார்கள். முன்னால் நின்ற அம்மா, நான் வாய் திறப்பதற்கு முன்பே அடையாள அட்டையை நீட்டினார். பின்னால் நின்ற ஐயா உரப்பையை நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்திருந்தார். கதிரைகள் இருபதும் வெறுமையாகக் கிடந்தன. அன்று மாலையே ஏழாவது விதி எழுதப்பட்டது.

முதல் வேலை: நடந்து போய்ப் பார்ப்பது

புதியவர்களுக்கு முதல் மூன்று மாதம் வீடு பார்க்கும் வேலைதான். இருவராகப் போங்கள், ஒருவர் கட்டாயம் பெண்ணாக இருக்க வேண்டும். பின்னேரம் மூன்றரை மணிக்குப் பிறகு போங்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனால் இல்லாத வீட்டில் அவர்களுக்குச் சங்கடம்.

முதல் முறை கொப்பியும் பேனாவும் கொண்டு போகாதீர்கள். வன்னியில் படிவம் நிரப்ப வந்தவர்களை மக்கள் நிறையப் பார்த்துவிட்டார்கள். பெயர் எழுதிக்கொண்டு போனவர்கள் திரும்பி வராத கதை ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும். சும்மா போய் இருந்து கதையுங்கள். தருவதைக் குடியுங்கள். ஒரு வீட்டில் அம்மா ஒருவர் எங்களுக்குப் பிளேன்டீ தந்தார். எங்கள் உள்ளங்கையில் ஆளுக்கு ஒரு சிட்டிகை சீனியும் வைத்தார். தன் உள்ளங்கையில் வைக்கவில்லை, தனக்குச் சீனி ஒத்துக்கொள்ளாது என்றார். அடுத்த கிழமை போனபோது போத்தலின் அடியில் ஒட்டியிருந்த சீனியைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கலக்கிப் பேரப்பிள்ளைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். படிவத்தில் அந்த வீட்டுக்கு "மாத வருமானம்" என்ற கூட்டில் ஒரு தொகை எழுதப்பட்டிருந்தது. அந்தத் தொகை பொய் இல்லை. ஆனால் அந்தப் போத்தல் அதில் இல்லை.

எதைக் கவனிக்க வேண்டும்? அடுப்புச் சாம்பல் எத்தனை நாளையது. பிள்ளை பள்ளிக்குப் போகிறதா, போகாவிட்டால் எந்தக் கிழமையில் போவதில்லை. குடிதண்ணீர் எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது. வீட்டுக்காரர் வெயிலில் வேலை செய்யக்கூடியவரா. போரில் பட்ட சன்னம், அதாவது குண்டுத் துகள், உடம்பில் இருக்கிறவர்கள் வெளியே திடமாகத் தெரிவார்கள், அரைநாள் களை பிடுங்கினால் இரண்டு நாள் படுத்துவிடுவார்கள். இவற்றைக் கேட்டு அறிவதைவிடப் பார்த்து அறிவது நல்லது.

கடனைப் பற்றி மூன்றாம் முறைக்கு முன் கேட்காதீர்கள். கேட்கும்போது தலை குனிய வைக்காத மாதிரிக் கேளுங்கள், ஏனென்றால் அந்தக் கடன் சோம்பலால் வந்தது அல்ல. இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபாய் கட்டம் கட்டமாகக் கிடைத்தது. மண்ணும் சீமெந்தும் விலை ஏற ஏற மிச்சத்துக்குப் பல குடும்பங்கள் நகையை அடகு வைத்தன, பிறகு நுண்கடன் எடுத்தன. ஒரு நுண்கடனைக் கட்ட இன்னொன்று. வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற 100,000 ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக 2018இல் அரசு அறிவிக்கும் அளவுக்கு அது வளர்ந்தது. இப்போதும் கிழமைக் காசு வசூலிக்க வரும் நாளில் சில வீடுகளில் கதவு பூட்டியிருக்கும். ஆள் பின்வளவில் இருப்பார். அந்த நாளைத் தெரிந்து வைத்துக்கொண்டு அன்றைக்கு நீங்கள் போகாமல் இருங்கள். படலையில் சத்தம் கேட்டால் நெஞ்சு பதறும்.

ஒரு சொல்லை மட்டும் எங்கள் சங்கத்தில் எவரும் எழுத அனுமதிப்பதில்லை. கணவர் காணாமல் ஆக்கப்பட்ட பெண்ணை "விதவை" என்று பதியாதீர்கள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் தொடங்கிய போராட்டத்தில் ஆண்டுக்கணக்காக உட்கார்ந்திருக்கும் அம்மாக்களில் எங்கள் ஊரவர்களும் இருக்கிறார்கள். மரணச் சான்றிதழ் எடுக்க அவர்களுக்கு மனம் இல்லை. 2016இல் வந்த சட்டத்தின்படி, காணவில்லை என்பதற்கான சான்றிதழைப் பெற்றும் சில கொடுப்பனவுகளுக்கு விண்ணப்பிக்கலாம் என்று சொல்லுங்கள். எடுப்பதும் விடுவதும் அவர்கள் முடிவு. எங்கள் பதிவேட்டில் "கணவர் வரவில்லை" என்று எழுதுகிறோம். அவர்கள் சொல்வதும் அதுதான்.

அரசு தர வேண்டியதை முதலில் வாங்கிக் கொடுங்கள்

பொதி கட்டும் ஆர்வத்தில் புதியவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிற படி இது. 1995இல் தொடங்கிய சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்துக்கு 2023 யூலையில் அஸ்வெசும என்ற அரசின் நலன்புரிக் கொடுப்பனவு வந்தது. குடும்பங்களை நான்கு பிரிவாகப் பிரித்து, கொடுப்பனவை நேரே வங்கிக் கணக்கில் வைப்பிலிடுகிறார்கள். தொடங்கியபோது மிக வறிய பிரிவுக்கு மாதம் 15,000 ரூபாய். ஆண்டுக்கு 180,000 ரூபாய் ஆகிறது. எந்தக் கிராமத்துச் சங்கத்தாலும் ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு கொடுக்க முடியாது. தகுதி இருந்தும் பட்டியலில் இல்லாத ஒருவரைப் பிரதேச செயலகத்துக்கு அழைத்துப் போய் மேன்முறையீடு எழுதிக் கொடுப்பது பல மாதப் பொதிகளை விடப் பெரிய உதவி.

ஏன் விடுபடுகிறார்கள்? அடையாள அட்டை இடப்பெயர்வில் தொலைந்திருக்கும். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், குடும்ப அட்டையில் இன்னொரு எழுத்து. வங்கிக் கணக்கு இல்லை. கல்வீடு நிற்பதால் வசதியான குடும்பம் என்று புள்ளி விழுந்திருக்கும். அந்தக் கல்வீடுதான் கடனுக்குக் காரணம் என்று படிவத்தில் எழுத இடம் இருக்காது. முதியோர் கொடுப்பனவு, மாற்றுத்திறனாளிகளுக்கான கொடுப்பனவு, சிறுநீரக நோயாளர்களுக்கான கொடுப்பனவு ஆகியவற்றையும் கிராம அலுவலரிடம் கேட்டுப் பாருங்கள். காணி அனுமதிப்பத்திரம் இல்லாமல் மேட்டுக்காணியில் இருக்கும் மலையகக் குடும்பங்களுக்கு இந்த அலைச்சல் இரட்டிப்பு. அவர்களில் பலர் அலுவலக வாசலில் பேசவே தயங்குவார்கள். கூடப் போங்கள், ஆனால் அவர்களுக்காக நீங்கள் பேசாதீர்கள். பக்கத்தில் நின்றாலே போதும்.

போகும்போது எல்லாப் பத்திரத்துக்கும் இரண்டு போட்டோக்கொப்பி எடுத்துப் பொலித்தீன் பையில் போட்டு வைத்திருங்கள். கொடுத்த கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

பதிவு, பொறுப்பு, கையெழுத்து

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். கிராம அலுவலரின் சிபார்சுடன் பிரதேச செயலகத்தில் பதிவு செய்யலாம். பெரிய அளவில், பல மாவட்டங்களில் இயங்கும் அமைப்புகள் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் கீழ் பதிய வேண்டும். கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமும் ஊரில் ஏற்கெனவே இயங்கினால் அவற்றின் கீழ் ஒரு நிவாரணக் குழுவாகத் தொடங்குவது எளிது.

தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் ஒரே குடும்பத்தினராகவோ ஒரே சாதியினராகவோ இருக்கக் கூடாது. இதை வெளிப்படையாகச் சொல்லத்தான் வேண்டும். சொல்லாமல் விட்ட ஊர்களில் ஒரு தெருவுக்கு மட்டும் பொதி போனதைப் பார்த்திருக்கிறேன். காசோலையில் மூவரில் இருவர் கையெழுத்து. இரண்டு ஆண்டுக்கு மேல் ஒருவர் ஒரே பதவியில் இருக்க முடியாது. நிர்வாகக் குழுவினரின் உறவினர் பெயர் பட்டியலில் வந்தால் அந்த உறுப்பினர் அன்றைய முடிவின்போது வெளியே போயிருக்க வேண்டும். எனக்கே ஒரு முறை அப்படி நேர்ந்தது, போய்க் கிணற்றடியில் நின்றேன்.

காசும் படமும்

எங்கள் வருமானத்தில் உள்ளூர்ச் சந்தா சிறிய பங்குதான். ஆனாலும் அதை நிறுத்த மாட்டோம். மாதம் நூறு ரூபாய் கொடுக்கிற அங்கத்தவர்தான் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கிறார். அறுவடை முடிந்ததும் களத்தில் ஆளுக்கு ஒரு மரைக்கால் நெல்லும் சேர்க்கிறோம். பழைய பிடியரிசியின் தொடர்ச்சி அது.

பெரும் பங்கு வெளிநாட்டு உறவுகளிடமிருந்து வருகிறது. பிறந்தநாள், திருமணநாள், தாய் தந்தையரின் திவசம் என்று அனுப்புகிறார்கள். ஒருவரின் தனிப்பட்ட கணக்குக்கு ஒரு சதமும் வரக் கூடாது. சங்கத்தின் கணக்குக்கே வர வேண்டும். வந்த அன்றே பற்றுச்சீட்டு எழுதி அதைப் படம் எடுத்து அனுப்புங்கள். கார்பன் பிரதி புத்தகத்தோடு இருக்கட்டும்.

படத்தில்தான் சிக்கல் வரும். பொதி வாங்குகிறவரின் முகம் தெரியும் படம் கேட்பார்கள். அனுப்பாதீர்கள். ஆரம்பத்தில் நாங்களும் அனுப்பினோம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி தாயுடன் நின்று பொதி வாங்கிய படம் எப்படியோ வகுப்பில் ஒருவனின் தொலைபேசிக்கு வந்துவிட்டது. அவள் இரண்டு கிழமை பள்ளிக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று தாய் சொன்னார். உண்மையை அவளுடைய தோழி சொல்லித்தான் அறிந்தோம். நாங்கள் போய் அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டோம். அவள் ஒன்றும் சொல்லாமல் வாசல் கூட்டிக்கொண்டே இருந்தாள்.

படம் இல்லாமல் எப்படி நம்புவது என்று அனுப்புகிறவர் கேட்டால் அதில் பிழை இல்லை. அவர் இரவு வேலை செய்து உழைத்த காசு. அவருக்குக் கடைச் சிட்டையின் பிரதி, கட்டி அடுக்கிய பொதிகளின் படம், எத்தனை குடும்பம் என்ற எண்ணிக்கை, கிராம அலுவலரின் முத்திரையிட்ட கடிதம் ஆகியவற்றை அனுப்புங்கள். ஊருக்கு வரும்போது கையெழுத்துப் பதிவேட்டைப் பார்க்க அழையுங்கள். இதை ஏற்காமல் ஒருவர் எங்களை விட்டுப் போனார். மற்றவர்கள் நின்றார்கள், இரண்டு பேர் தொகையைக் கூட்டினார்கள்.

பொதியில் என்ன, எப்போது

மாதா மாதம் எல்லோருக்கும் கொடுக்க எங்களிடம் காசு இல்லை. ஆகவே காலம் பார்த்துக் கொடுக்கிறோம். காலபோக விதைப்பு முடிந்து, கார்த்திகையும் மார்கழியும் மழை பெய்யும்போது கூலிவேலை இருக்காது. முல்லைத்தீவுக் கரையில் வாடைக்காற்றுக்குக் கடலும் கொந்தளிக்கும். கையில் இருந்தது விதையிலும் உரத்திலும் போயிருக்கும். தை, மாசியில் அறுவடை வரும் வரை அந்த இரண்டரை மாதம்தான் பல வீடுகளில் ஒரு நேரச் சாப்பாடு. மேட்டுக்காணிக்காரருக்கு ஆடி, ஆவணி வறட்சியும் அதே மாதிரி. இந்த இரண்டு காலத்துக்கும் காசை ஒதுக்கி வையுங்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கொடுக்கப் பலர் வருவார்கள், மார்கழி பத்தாம் திகதி எவரும் வர மாட்டார்கள்.

அரிசியைக் கடையில் வாங்காதீர்கள். மாசி, பங்குனியில் நெல் விலை விழும்போது ஊர்க் கமக்காரரிடமே வாங்கி, நன்றாகக் காயவைத்து, நிலத்தில் படாமல் பலகை மேல் மூடைகளை அடுக்குங்கள். ஒரு புசல் நெல் ஏறத்தாழ 21 கிலோ. குத்தினால் 13 கிலோ அளவில் அரிசி கிடைக்கும். தேவைப்படும்போது ஊர் ஆலையில் குத்தினால் தவிடு கோழிக்கு ஆகும், காசும் ஊருக்குள்ளேயே சுழலும். சிவப்பரிசி சாப்பிட்டுப் பழகிய சனத்துக்கு வெள்ளைப் பச்சையரிசியைக் கொடுத்துவிட்டு அவர்கள் அதை மாற்றுகிறார்கள் என்று குறை சொல்லக் கூடாது.

ஒரு குடும்பத்துக்கு மாதம் 10 கிலோ அரிசி, 3 கிலோ கோதுமை மா, பருப்பு, சீனி, தேயிலை, நெத்தலிக் கருவாடு, தேங்காய் எண்ணெய், சவர்க்காரம். சவர்க்காரத்தை விட்டுவிடாதீர்கள். வயதுக்கு வந்த பெண்பிள்ளை இருக்கும் வீட்டுக்கு அணையாடையைத் தனியாகத் தாளில் சுற்றிப் பெண் உறுப்பினர் கையில் கொடுத்து அனுப்புங்கள். நீரிழிவு இருக்கும் வீட்டுக்குச் சீனியைக் குறைத்துக் கடலை, பயறு சேர்ப்போம். எல்லாப் பொதியும் வெளியே ஒரே மாதிரி உரப்பையில் போக வேண்டும். சங்கத்தின் பெயரோ கொடுத்தவரின் பெயரோ பையில் வேண்டாம்.

கோழியும் மறியும்

வாழ்வாதார உதவியில் நாங்கள் பட்ட தவறுகளை நீங்கள் திரும்பப் படக் கூடாது. ஒரு திட்டத்தில் முப்பது வீட்டுக்கு ஒரே நாளில் கோழிக்குஞ்சு கொடுத்தோம். கூடு கொடுக்கவில்லை. மரநாயும் கீரியும் ஒரு மாதத்தில் பாதியைத் தின்றன, மிச்சத்தை நோய் தின்றது. தப்பியவை முட்டையிட்டபோது எல்லா வீட்டிலும் முட்டை. வாங்க ஆள் இல்லை. தையல் இயந்திரங்களுக்கும் இதே கதி. ஒரு ஊரில் பத்துப் பேர் தைத்தால் பத்துப் பேருக்கும் வேலை இல்லை.

இப்போது ஒவ்வொரு வீட்டிடமும் உங்களுக்கு என்ன வேலை தெரியும் என்று கேட்டே கொடுக்கிறோம். ஆடு கேட்பவர்களுக்கு நம் ஆட்களுக்கு நன்றாகத் தெரிந்த வாரமுறையில் மறி, அதாவது பெட்டையாடு, விடுகிறோம். சினைமறி ஒன்றைக் கொடுப்போம். ஈனும் முதல் மறிக்குட்டி வளர்ந்ததும் சங்கத்துக்குத் திரும்ப வேண்டும். அது அடுத்த வீட்டுக்குப் போகும். முதலில் ஆறு மறிகள் கொடுத்தோம். ஒன்று பாம்பு கடித்துச் செத்தது, ஒன்றைப் பிள்ளையின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு விற்றார்கள், அதை நாங்கள் கேட்கவில்லை. மற்ற நான்கின் பரம்பரை இப்போது ஊருக்குள் எத்தனை வளவில் மேய்கிறது என்று எண்ண ஒரு பின்னேரம் வேண்டும். கொடுத்ததைத் திருப்பித் தருகிறவரின் நடையே வேறாக இருக்கும். குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவால் நிமிர்ந்து வருவார்கள்.

வெள்ளத்துக்கு முன்

2018 மார்கழியில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் ஒரே இரவில் வந்தது. மூடைகள் நிலத்தில் கிடந்த சங்கங்களுக்குக் கொடுக்க ஒன்றும் மிஞ்சவில்லை. ஆகவே ஐப்பசிக்குள் இவை முடிந்திருக்க வேண்டும்: நெல் உயரத்தில் ஏறியிருக்க வேண்டும், பெரிய பாத்திரங்கள் எந்தப் பாடசாலையில் முகாம் அமையுமோ அங்கே போயிருக்க வேண்டும், தனியே இருக்கும் முதியவர்களை எவர் தூக்கிக்கொண்டு வருவது என்று பெயர் குறித்திருக்க வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. முதல் இரண்டு நாளும் சமைத்த சாப்பாடுதான் கொடுங்கள். நனைந்த விறகோடு இருப்பவருக்கு அரிசி கொடுத்து என்ன செய்வது? முகாமிலும் வரிசை வேண்டாம். வகுப்பறை வகுப்பறையாக வாளியைக் கொண்டுபோய்ப் பரிமாறுங்கள்.

கணக்கும் பட்டியலும்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கை மண்டபச் சுவரில் ஒட்டுங்கள், அதோடு நிறுத்தாமல் கூட்டத்தில் உரக்க வாசியுங்கள். எழுத்துக் கூட்டி வாசிக்கச் சிரமப்படும் அம்மாக்கள்தான் காது கொடுத்துக் கேட்டுச் சரியான கேள்வி கேட்பார்கள். கணக்கில் உதவி பெற்றவரின் பெயர் இருக்கக் கூடாது, குடும்ப இலக்கம் போதும். பெயர்ப் பதிவேடு செயலாளரின் பெட்டியில் பூட்டியிருக்கட்டும்.

பட்டியலை ஐப்பசி முதல் கிழமையில் புதுப்பிக்கிறோம். ஒருவரை நீக்குவது கடினமான வேலை. மகன் உழைக்கத் தொடங்கிய வீட்டை நாங்களாக நீக்காமல், மூன்று மாதத்துக்கு முன்பே போய்ச் சொல்லிவிட்டு வருவோம். பல தடவை அவர்களே முந்திக்கொண்டு, எங்களுக்கு இனி வேண்டாம், பின்வீட்டுப் பிள்ளைக்குக் கொடுங்கள் என்று சொல்லிவிடுகிறார்கள். அன்று வரிசையில் முதலாவதாக நின்று அடையாள அட்டையை நீட்டிய அம்மாவும் அப்படித்தான் சொன்னார். இப்போது அவர் எங்கள் சங்கத்தின் அங்கத்தவர். பொதி கட்டும் நாளில் பருப்பை நிறுப்பது அவர்தான். தராசு முள் நேரே நின்ற பிறகும் ஒரு கை கூடப் போடுவார், பொருளாளர் முகத்தைப் பார்க்க மாட்டார்.

சேர விரும்பினால் சனிக்கிழமை பின்னேரம் மூன்றரைக்கு மண்டபத்துக்கு வாருங்கள். சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டு, பழைய ரியூப்பில் நீளமாக வெட்டிய பட்டி ஒன்றும் கொண்டுவாருங்கள். பின் கரியரில் இறுக்கிக் கட்டாவிட்டால் வாய்க்கால் கரை மணலில் மூடை சரிந்துவிடும்.